உறைமோர் பலிக்காத தெரு

மணப்பாறையில், சந்தைக்குப் போகிற சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து, பள்ளிவாசலையும் மாதா சிலை வைத்த கெபியையும் ஒரே வளைவில் தொட்டுக்கொண்டு, ரயில் தண்டவாளத்தில் போய் முட்டி நிற்கிற வெற்றிலைக்காரத் தெருவில், ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் தயிர் உறையவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் வழக்கம்போலத்தான் பாலைக் காய்ச்சினார்கள், சுண்டு விரலை விட்டுப் பார்த்து, சுடாமலும் ஆறாமலும் இருக்கிற பதத்தில் ஒரு கரண்டி உறைமோரை விட்டுக் கலக்கி, தட்டைப் போட்டு மூடி, பனிக்கு ஒரு துண்டையும் சுற்றி, ஆட்டாமல் அசைக்காமல் அடுப்படி மூலையில் வைத்துவிட்டுத்தான் படுத்தார்கள். விடிந்து தட்டை எடுத்துப் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது, கெட்டும் போகவில்லை, திரியவும் இல்லை, நேற்று எதுவுமே நடக்காததுபோலக் கிடந்தது.

பழி முதலில் பால்காரர் பொன்னுரங்கத்தின் மேல் விழுந்தது. தண்ணீர் கலந்துவிட்டார் என்றார்கள், மாவு கலந்துவிட்டார் என்றார்கள், எருமைக்கு என்னத்தையோ தின்னக் கொடுத்துவிட்டார் என்றார்கள். அந்த மனுஷன் யாரிடமும் மல்லுக்கு நிற்கவில்லை, வாசலுக்கு வாசல் வண்டியை நிறுத்தி ஒரு டம்ளர் பாலை அவர்கள் கண் முன்னாலேயே குடித்துக் காட்டிவிட்டுப் போனார், அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவருக்குப் பசிக்கவேயில்லை. அப்புறம் பழி உறைமோரின் மேல் போனது, சந்தைப்பேட்டையிலிருந்து புது உறைமோர் வாங்கி வந்தார்கள், காய்ந்த மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டார்கள், எலுமிச்சையைப் பிழிந்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடையில் பாக்கெட் தயிர் வாங்கியவர்கள் கதை இன்னும் மோசம், தெருமுனை தாண்டும்வரை கெட்டியாக இருந்த தயிர் வீட்டுக்கு வந்து கத்தரித்தால் பாலாக ஊற்றியது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார், அதில் அவர் பேரில் குற்றம் சொல்ல முடியாது.

தயிர் உறைந்த அந்த ஒரே வீடு அம்சவேணியுடையது. அவளுக்கு ஐம்பது வயது, புருஷன் கதிரேசன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளும் கதிரேசனின் தங்கை பூங்கோதையும் மட்டும்தான். பூங்கோதைக்குக் கல்யாணம் தட்டித் தட்டிப் போய் நாற்பத்து நாலு வயதாகிவிட்டது, ஜாக்கெட் தைப்பாள், தையல் மிஷினில் உட்கார்ந்தால் சோறு தண்ணீர் தேட மாட்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அம்சவேணி வேறு ஏதோ யோசனையில் பாலைக் காய்ச்சி இறக்கி மூடிவிட்டு, உறைமோர் விடவே மறந்துபோனாள். காலையில் பார்த்தால் பானையைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அவளுக்கே சந்தேகமாகி, அன்றைக்குச் சாயங்காலமும் உறை ஊற்றாமலே வைத்துப் பார்த்தாள், மறுநாளும் உறைந்திருந்தது.

விஷயம் புரிந்தது ஆரோக்கியசாமியால். எதிர்வீட்டு ஜெயசீலியின் புருஷன் அவர், நூல் மில்லில் வேலை. மாசிப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று ஜெயசீலி வீட்டிலும் தயிர் உறைய ஆரம்பித்தது, அவளும் மாதாவின் கிருபை என்று தெருவுக்கே அள்ளி அள்ளிக் கொடுத்தாள். ஒரு நாள் ஆரோக்கியசாமி சாப்பிட உட்கார்ந்தவர் தயிரைச் சோற்றில் போடப் போய், கையை எடுத்துக்கொண்டு, மில்லில் தன்னை நிறுத்தி இருபது நாளாகிறது என்றும், தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ரயிலடியில் போய் உட்கார்ந்துவிட்டு வருவதாகவும் சொல்லி அழுதார். ஜெயசீலியும் அழுதாள், அப்புறம் அவரைத் தட்டிக்கொடுத்தாள், அப்புறம் திட்டினாள். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டில் பால் பாலாகவே இருந்தது.

இப்படி இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் நடந்ததும் தெருவுக்கு விளங்கிவிட்டது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லாத வார்த்தை ஒன்று எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் பால் தானாக உறையும், மற்ற வீட்டில் தலைகீழாக நின்றாலும் உறையாது. அவ்வளவுதான் சங்கதி. இது எதனால், யார் போட்ட சாபம், யார் கொடுத்த வரம் என்று தெரு மூக்கில் விரல் வைத்துக்கொண்டு நிற்கவில்லை, சோற்றுக்கு மோர் இல்லாதவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது, இருக்கிறதை வைத்துக் காரியத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எந்தெந்த மறைப்புக்கு எவ்வளவு தயிர் என்பது சீக்கிரமே எல்லாருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஸ்டேஷன் கடையில் போண்டா தின்றுவிட்டு வந்தால் மறுநாள் நீர்மோர்ப் பதத்தில் அரை டம்ளர் தேறும், மாமியாரைப் பற்றித் தாய்வீட்டில் பேசியதை முழுங்கிவிட்டால் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும், காலேஜில் படிக்கிற பெண் யாரையோ மனசில் வைத்திருந்தால் வாரம் பூராவும் வீட்டில் தயிர் சாதம்தான். பிரியாணிக் கடை உதுமான் பாய்க்கு வெங்காயப் பச்சடி இல்லாமல் வியாபாரம் நடக்காது. அவர் மனைவி மைமூன் சாயங்காலமானால் அவரைப் பிடித்துக்கொள்வாள்.

"நாளைக்கு ரெண்டு டேக்ஸா பிரியாணி ஆர்டர் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள எதையாச்சும் எங்கிட்ட மறைச்சுத் தொலைங்க."

"மறைக்கறதுக்கு என்ன இருக்கு மைமூன்? கல்யாணமான நாள்லேருந்து ஒண்ணு விடாம நோண்டி எடுத்துட்டியே," என்பார் பாய் பரிதாபமாக.

ஜெயசீலி வேறு மாதிரி மாட்டிக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மோர் கிடையாது. அதனால் அவள் பாவங்களை ஒன்றிரண்டு வாரம் சேர்த்து வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள், சாமியார் கேட்டதற்கு முட்டி வலி என்றாள், அந்தப் பொய்க்கும் கொஞ்சம் தயிர் கிடைத்தது. இப்படியெல்லாம் தெரு சிரித்துச் சமாளித்தது. ஆனால் ஒரு மரியாதையையும் கற்றுக்கொண்டது. தயிர் வாங்க இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்கள் கிண்ணத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள், கொடுக்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், "கொஞ்சம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒருத்தர் நெஞ்சுக்குள் கிடப்பதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறோம் என்று கிண்ணம் பிடித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

மற்ற வீடுகளில் தயிர் வரும், போகும். அம்சவேணி வீட்டில் ஒரு நாளும் தவறவில்லை. தையிலும் உறைந்தது, சித்திரை வெயிலிலும் உறைந்தது, ஆடிக் காற்றிலும் உறைந்தது, வர வர கத்தியால் அறுத்து எடுக்கிற பதத்துக்கு வந்தது. விடிந்தால் அவள் வாசலில் ஏழெட்டுக் கிண்ணங்கள் நிற்கும். அவள் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. அவளிடம் ஏதோ பெரிதாக இருக்கிறதென்று தெரு முழுக்கத் தெரியும், யாரும் கேட்டதில்லை. மரியாதை ஒரு காரணம். அவள் அதைச் சொல்லிவிட்டால் தெருவே மோருக்கு அலைய வேண்டியிருக்கும் என்பது இன்னொரு காரணம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவளிடம் இருந்தது இதுதான். மார்கழி மாதத்தில் ஒரு காலை, பனியில் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்த பால்காரர் பொன்னுரங்கம், வழக்கமான பாலை அளந்து ஊற்றிவிட்டு, வழக்கமாகப் போகிறவர் போகாமல் நின்றார். அவர் பெண்டாட்டி இறந்து வெகுகாலம், ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள், வீட்டில் அவரும் இரண்டு எருமைகளும்தான்.

"தப்பா நெனக்காதீங்க. எனக்கு நானே சமைச்சு நானே திங்கிறேன். பேச்சுத் துணைக்கு எருமதான். உங்களுக்குச் சம்மதம்னா, முறையா வந்து கேட்டுக் கல்யாணம் பண்ணிக்கிறேன். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான் பேசினார், அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

அம்சவேணி யோசிக்கவேயில்லை. அவர் வண்டியை உதைத்துக் கிளப்புவதற்குள் அவள் மனசு சரி என்றுவிட்டது, இத்தனை வயசுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் வருமா என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்தச் சரியை முதலில் பூங்கோதையிடம் அல்லவா சொல்ல வேண்டும். செத்துப்போன புருஷனின் கூடப் பிறந்தவளிடம், இந்த வீட்டை விட்டால் போக இடமில்லாதவளிடம், பேச வேறு ஆளில்லாதவளிடம், நான் இன்னொருத்தரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, ஒவ்வொரு சாயங்காலமும் பாலை இறக்கி வைக்கிறபோது வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், மிஷினில் குனிந்திருக்கிற அந்த முதுகைப் பார்த்தால் திரும்பிப் போய்விடும், காலையில் தயிர் இருக்கும்.

பொன்னுரங்கம் ஒரு நாளும் நச்சரிக்கவில்லை. காலையில் பாலை ஊற்றும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நேத்துப் பால் எப்படிங்க?"

"உறைஞ்சுது."

அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிடும். உறைந்தால் அவளுக்குள் வார்த்தை இருக்கிறது என்று அர்த்தம், வேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தால் முடிந்துபோயிருக்குமே, உறைந்திருக்காதே என்று அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அந்த மனுஷன் பத்து மாதம் ஓட்டினார்.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"மக வந்துருச்சு. தனியா இருக்க வேணாம், எருமைய வித்துட்டு எங்கூட வந்துருங்கிறா. புதன்கிழம சந்தைக்கு ஓட்டணும். உங்கள நான் நெருக்கலைங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா இருப்பேன், சொல்லலைன்னாலும் கோவம் கெடையாது."

அன்றைக்குச் சாயங்காலம் அம்சவேணி பாலை இறக்கி வைத்த கையோடு, கையைத் துடைக்காமலே, பூங்கோதையின் மிஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"பூங்கோத, மிஷின நிறுத்து. பால்காரரு என்னயக் கேட்டாரு. கட்டிக்கிறேன்னு கேட்டாரு. மார்கழியிலயே கேட்டாரு. எனக்கு விருப்பந்தான்."

பூங்கோதை காலை மிதியிலிருந்து எடுத்தாள். சட்டையில் இருந்த ஊசியை எடுத்துப் பார்த்து மறுபடியும் அதே இடத்தில் குத்திக்கொண்டாள். நிமிராமலே, "எங்க அண்ணன் இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருக்கும் அண்ணி?" என்றாள்.

இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காதே என்றுகூட அம்சவேணிக்குச் சொல்லத் தோன்றவில்லை. செத்தவரைச் சாட்சிக்கு இழுத்துவிட்டால் உயிரோடு இருக்கிறவர்கள் என்னத்தைப் பேசுவது. சரி, விட்டுவிடலாம், நாளைக்குக் காலையில் போய்வாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனிமேல் இந்த வீட்டில் பால் பாலாகத்தான் இருக்கும். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. வாசலில் கிண்ணங்கள் வந்துவிட்டன, மைமூன் நின்றாள், ஜெயசீலி நின்றாள், இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். பொன்னுரங்கம் வண்டியை நிறுத்தினார். பாலை அளக்காமல், கேனின் மேல் கையை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"நேத்துப் பால் எப்படிங்க?"

"இன்னும் பாக்கல. இருங்க," என்று அம்சவேணி உள்ளே போனாள். பாலை அப்படியே பானையோடு கொண்டுவந்து காட்டிவிட்டால் போதும், வாயால் வேண்டாமென்று சொல்லத் தேவையிருக்காது, அவரே புரிந்துகொண்டு போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். தட்டை எடுத்தாள்.

தயிர் உறைந்திருந்தது.

கொஞ்சம் இளக்கமாக, தை மாதத்தில் முதல் நாள் கண்ட பதத்துக்குக்கூட இல்லாமல், ஆனாலும் தயிராகவே உறைந்திருந்தது. அவள் பானையைச் சாய்த்துப் பார்த்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் மனசுக்குள் போய் ஒரு மூலை விடாமல் தேடினாள், சொல்லாத வார்த்தை ஒன்றும் அங்கே மிச்சமில்லை, துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. பின்னே இது யாருடையது. அந்த வீட்டில் இருக்கிறதே இரண்டு பேர்தான்.

இவ்வளவு நாளும் எல்லாத் தயிரும் தன் தயிர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்.

பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பூங்கோதைக்கு முன்னால் வைத்தாள். பூங்கோதை பானைக்குள் எட்டிப் பார்த்தாள், சுருட்டின பாய் கையிலிருந்து நழுவித் தானாக விரிந்தது. அவள் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. தையிலேருந்து தெரியும். உங்களுது மட்டும் இல்லைன்னு தெரியும்," என்றாள். பிறகு அழுதுகொண்டே, கோர்வையில்லாமல், முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலுமாகச் சொன்னாள். திருச்சி ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அம்சவேணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, கதிரேசன் தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டான். வேணிக்கு நல்ல இடமாக ஒன்று வந்தால் கட்டி வை, அவளிடமும் நான் சொன்னேன் என்று சொல்லிவிடு என்றான். பூங்கோதை சரி என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டு இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

"சொன்னா நீங்க போயிருவீங்க. நீங்க போயிட்டா இந்த வீட்டுல நான் யாருக்குன்னு ஒல வைக்கிறது? செவுத்துக்கா? நேத்து நீங்க சொன்னப்பகூட சொல்லிருக்கலாம். அண்ணன் பேரச் சொன்னா நீங்க நின்னுருவீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நான் நல்லவ இல்ல அண்ணி."

அவள் பேசப் பேச, பானைக்குள் தயிர் ஓரத்திலிருந்து விடுபட்டு, இளகி, நடுவில் ஒரு கட்டி மட்டும் மிதந்து, அதுவும் கரைந்து, பாலாகிவிட்டது. அம்சவேணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஒரு அறை வைக்கலாம்போல வந்தது. கூடவே, இத்தனை காலம் இவ்வளவு கனத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அடுத்தவர் ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவளை நினைத்துப் பாவமாகவும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள்.

பொன்னுரங்கம் அதே இடத்தில் நின்றார், தலைத்துண்டு கைக்கு வந்திருந்தது.

"எருமைய சந்தைக்கு ஓட்டாதீங்க," என்றாள் அம்சவேணி.

அவருக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கேனைத் திறந்து, அளவையால் மொண்டு, அவள் நீட்டாத பாத்திரத்தைத் தேடினார். ஜெயசீலி தன் கிண்ணத்தை நீட்டினாள், பக்கத்தில் மைமூனும் நீட்டினாள், அன்றைக்கு அந்த வாசலில் நின்ற எல்லாருக்கும் கிண்ணம் வழியப் பால் கிடைத்தது. தயிரைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மைமூன் மட்டும் முதன்முறையாகக் கிண்ணத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்சவேணியின் முகத்தைப் பார்த்து, "நல்லாருங்கக்கா. நாங்க பச்சடிக்கு வேற வழி பாத்துக்கறோம்," என்றாள்.

அம்சவேணி திரும்பி உள்ளே வந்தபோது பூங்கோதை பாயின் மேல் அப்படியே இருந்தாள், முகத்தை முழங்காலில் வைத்திருந்தாள். அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆத்திரம் எங்கேயும் போய்விடவில்லை, அது போக நாளாகும், அவளுக்கே அது தெரிந்திருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று அவளைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தது. நாலு வருஷமாகக் கதிரேசனின் குரலில் புதிதாக ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. பழைய பேச்சுகளையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக் கேட்டு, அவையெல்லாம் தேய்ந்துபோயிருந்தன.

"அவரு என்ன சொன்னாருன்னு சொன்ன. எப்படிச் சொன்னாருன்னு சொல்லல," என்றாள் அம்சவேணி. "இன்னொரு தடவ சொல்லு. அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

பூங்கோதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அண்ணனைப்போலவே மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"வேணி வீடு அதிரச் சிரிப்பா. அந்தச் சத்தம் நின்னுரக் கூடாது. யாராச்சும் நல்லவனா வந்து கேட்டா, அனுப்பி வையி. என் பேரச் சொல்லி நிறுத்தாத."